கல்விக்கும் மருத்துவத்திற்கும் ஒரு பொது வலை

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயினும் கோமாரியில் இருந்துகொண்டு கண்ட இரண்டு நிகழ்ச்சிகள் எம்மை வேறொரு பொருளின்பால் இழுத்துச் சென்றன. அவற்றை முதலிற் கூறுதல் முறையாகும்.

2021 ஆம் ஆண்டில், பெருந்தொற்றினாற் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலத்தில், யாம் தொலைபேசி வழியே சாதாரண தர மாணவர்க்கு யாப்பு கற்பித்து வந்தோம். வகுப்பில் 32 பேர். திரையில் வந்தோர் 11 பேருக்கு மேற்பட்டதில்லை. ஒரு மாணவன் தன் வீட்டிற் சமிக்ஞை கிடையாமையால் அயல்வீட்டுக் கிணற்றுக்கட்டின்மீது ஏறி நின்று பாடங் கேட்டான். நேரசை, நிரையசை என யாம் சொல்லியதில் ‘நிரை’ மட்டுமே அவன் செவிக்கு எட்டியது. பரீட்சைத் தாளில் எல்லாச் சீரையும் நிரையசையாகவே பிரித்து வைத்திருந்தான். அவனைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை.

மற்றையது அதே ஆண்டின் மாரியில் நிகழ்ந்தது. எம் அயலவராகிய முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்தார். அருகிருந்த வைத்தியசாலையில் எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தனர். அதனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நிபுணர் அங்கில்லை. ஆகவே முதியவரையும் படத்தையும் ஒருசேர வாடகை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு மழையில் நெடுந்தூரம் சென்றோம். நிபுணர் படத்தை விளக்கொளியிற் பிடித்துப் பார்த்தது இரண்டு நிமிடம். “எலும்பு முறியவில்லை, கூட்டிச் செல்லுங்கள்” என்றார். படம் மட்டும் போயிருந்தாற் போதும். மனிதர் போயிருக்க வேண்டியதில்லை. இவ்விரண்டு துன்பங்களுக்கும் மூலம் ஒன்றே என்பது எமக்குப் பின்னரே விளங்கிற்று. அது பற்றியே இக்கட்டுரை.

ஆங்கிலத்திற் ‘புரோட்பேண்ட்’ என வழங்குவதனைத் தமிழில் அகலக்கற்றை என்பர். கற்றை என்பது தொகுதி. கூந்தற்கற்றை, ஒளிக்கற்றை என நாம் கூறுவது போல. செய்தி செல்லும் வழி எவ்வளவு அகலமோ அவ்வளவு மிகுதியாக ஒரு நொடியிற் செய்தி செல்லும். அதனை அளக்கும் சிற்றலகு ‘பிற்’ எனப்படும். எட்டுப் பிற் சேர்ந்தது ஒரு ‘பைற்’. எண்ணியல் முறையில் எடுத்த எக்ஸ் கதிர்ப்படம் ஒன்று 10 மெகாபைற், அதாவது எட்டுக்கோடிப் பிற் எனக் கொள்வோம். நொடிக்கு 64,000 பிற் செல்லும் பழைய வழியில் அது போய்ச் சேர 1,250 நொடி, ஏறக்குறைய 21 நிமிடம் செல்லும். நொடிக்குப் பத்துக்கோடிப் பிற் செல்லும் வழியில் ஒரு நொடிகூட ஆகாது. கணக்கு எளிது, வழியை அமைப்பதே அரிது. அமைத்தபின் அதற்கு மாதந்தோறும் பணங் கட்டுவது அதனினும் அரிது.

இங்கேதான் ‘பொது’ என்னும் சொல் வருகின்றது. எம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதனை முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தன. 1990 ஆம் ஆண்டளவில் கொழும்பு, மொரட்டுவைப் பல்கலைக்கழகங்களும் திறந்த பல்கலைக்கழகமும் மின்னஞ்சலுக்காகத் தம்முள் இணைந்தன. மொரட்டுவையிற் பேராசிரியராக இருந்த அபய இந்துருவ இதில் முன்னின்றார். பின்னர், 1990களின் நடுவில், அம்மூன்றனையும் மேற்கூறிய 64,000 பிற் வேகமுள்ள வானலை இணைப்புகள் பிணைத்தன. இன்று நாம் அதனைக் கண்டு நகைக்கலாம். அன்று அது பெருஞ்செல்வம். ‘லேர்ண்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு அவ்வாறு தோன்றியதே. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே கடைக்குச் சென்று இணைப்பு வாங்காமல், ஒன்றுகூடி வாங்கித் தமக்குள் பகிர்ந்துகொண்டன. பேராதனை முதலியன பின்வந்து சேர்ந்தன. 1995 இல் தொடங்கி இன்று எம் கரையோரத்து ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் அவ்வலையின் கண்ணிகளே.

இவ்வழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க மிச்சிகன் மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் மூன்று 1966 இலேயே ‘மெரிற்’ எனும் பொது வலையமைப்புக்குக் கூடின. பிரித்தானியாவின் ‘ஜனற்’ 1984 இலும், இந்தியாவின் ‘ஏர்னெற்’ 1986 இலும் தோன்றின. எங்கும் ஒரே கதை: தனித்து இயலாதார் சேர்ந்து செய்தனர்.

2020 இல் இதன் பயன் வெளிப்பட்டது. பங்குனி மாதத்திற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ண் நிறுவனத்தார் காணொளி வகுப்புக்கான சேவையகங்களை நாட்டுக்குள்ளேயே வைத்து நடத்தினர். விரிவுரை கடல்கடந்த கம்பிவழி அயல்நாடு சென்று திரும்பவேண்டிய நிலை இல்லாதொழிந்தது. தொலைத்தொடர்புக் கம்பனிகளும் பல்கலைக்கழகத் தளங்களுக்குச் செல்லும் மாணவரிடம் சிலகாலம் கட்டணம் அறவிடாதிருக்க இசைந்தன. பல்கலைக்கழகங்கள் தனித்தனியே கம்பனி வாயில்களில் நின்று கேட்டிருந்தால் இவ்விசைவு கிட்டியிராது என்பது எம் துணிபு. அவற்றுக்கு ஒரு பொது வாசல் இருந்தது. கட்டணம் விலக்கவேண்டிய முகவரிகள் இன்னவை எனக் காட்டவும் முடிந்தது. எம் கிணற்றுக்கட்டு மாணவனுக்கோ அத்தகைய வாசல் இல்லை. அவன் தந்தை வாங்கிக்கொடுத்த ‘டேட்டா’ மூன்றாம் நாளே முடிந்துவிடும்.

பள்ளிக்கூடங்களுக்கென வலையமைப்பு முயற்சி இந்நாட்டில் இல்லாமலில்லை. ஆயினும் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நூலகமும் ஓர் ஊரில் ஒரே தெருவில் இருந்தும், ஒவ்வொன்றும் வேறு வேறு திணைக்களத்தின் கீழ், வேறு வேறு பற்றுச்சீட்டுக்குப் பணங் கட்டுவதே பெரும்பாலும் வழக்கம். இது எத்துணை வீண் என்பதை எம் பகுதி உழவர்க்கு விளக்கவேண்டியதில்லை. சேனாநாயக்க சமுத்திரத்து நீரைப் போடியார் வயலுக்கு ஒரு வாய்க்கால், ஏழை வயலுக்கு மற்றொரு வாய்க்கால் எனத் தனித்தனியே குளத்திலிருந்து வெட்டுவார் எவருமில்லை. பெரிய வாய்க்கால் ஒன்று, கிளை பல, முறைவைத்துத் திறப்பதற்கு வட்டை விதானை ஒருவர்.

செய்தி வழியிலும் முறைவைப்பே பெரும்பயன் தருவது. பத்து நிறுவனங்கள் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருகோடிப் பிற் செல்லும் இணைப்பைத் தனித்து வாங்கின எனக் கொள்வோம். பள்ளிக்கூடம் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் அதனைத் தொடாது. நூலகம் மாலையிலேயே நிரம்பும். வைத்தியசாலை தன் பதிவேடுகளின் படியை நள்ளிரவில் அனுப்பலாம். ஒருவர் வழி நிறைந்து திணறும்போது மற்றொருவர் வழி வெறுமையாய்க் கிடக்கும். அதே பத்துப்பேர் சேர்ந்து பத்துக்கோடிப் பிற் செல்லும் ஒரே வழியை வாங்கின், காலையிற் பள்ளிக்கூடங்கள் அதிற் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். இரவில் வைத்தியசாலை எடுத்துக்கொள்ளும். அளவு அதுவே, ஒவ்வொருவர்க்கும் வேண்டிய பொழுதிற் கிடைப்பதோ பன்மடங்கு. மொத்தமாக வாங்கும்போது விலை குறைவதும் உண்டு.

மருத்துவத்துறையில் இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு இருக்கின்றது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இலர். அதன் தேனிக் கிளையினர், 2004 ஆம் ஆண்டு தொடக்கம் சுற்றுவட்டார ஊர்களிற் சிறிய பார்வை மையங்களை நிறுவினர். மையத்தில் மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்ணொருத்தி கண்ணைச் சோதித்துப் படமெடுப்பாள். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசித் தீர்மானிப்பார். கண்ணாடி வேண்டியவர்க்கு அங்கேயே கண்ணாடி. அறுவை வேண்டியவர் மட்டுமே பயணஞ் செய்வர். எம் முதியவரை நினைந்து யாம் பெருமூச்செறிந்தது இதனைப் படித்தபோதே.

இம்மையங்களை இணைத்த முறை வியப்புக்குரியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலியிலிருந்து எரிக் புரூவர் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும், வீடுகளிற் பயன்படும் ‘வைஃபை’க் கருவியையே கோபுரங்களின்மீது ஏற்றிக் கிலோமீற்றர்க் கணக்கான தூரத்திற்குச் செலுத்தினர். எல்லாத் திக்கிலும் அலையைச் சிதறவிடாது ஒரு திக்கில் மட்டும் குவிக்கும் அலைவாங்கி ஒரு காரணம். மற்றொரு காரணம் நுட்பமானது. வைஃபைக் கருவி ஒரு செய்தியை அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்னும் மறுமொழிக்குச் சிறிதுபொழுதே காத்திருக்கும். தூரம் மிகுந்தால் மறுமொழி பிந்தும், கருவியோ செய்தி தொலைந்ததென மயங்கி மீண்டும் மீண்டும் அனுப்பும், வழி அடைபட்டுப்போம். அவர்கள் கருவியின் ஆணைத்தொகுதியை மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு செய்தனர். மீண்டும் வட்டை விதானை!

அக்குழுவினர் தம் தோல்விகளையும் மறையாது எழுதியிருக்கின்றனர். அதனாலேயே எமக்கு அவர்கள்மீது மதிப்பு மிகுந்தது. கருவிகளைக் கெடுத்ததிற் பெரும்பங்கு தூரத்திற்கன்று, மின்சாரத்திற்கு. திடீரென உயர்ந்து தாழும் மின்னழுத்தம் கருவிகளைச் சுட்டெரித்தது. பழுது நேர்ந்த இடத்தில் இருந்தோர்க்கு எந்தக் கம்பியைப் பார்ப்பதெனத் தெரியவில்லை. அறிந்தவர் தொலைவில் இருந்தனர். உள்ளூராரைப் பயிற்றிய பின்னரே வலை நிலைத்தது.

இனி எம் கரையை நோக்குவோம். ஒலுவிலில் லேர்ண் கண்ணி உண்டு. அங்கிருந்து தெற்கே அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என ஊர்கள் பிரதான வீதியில் மணிகோத்தாற்போற் கிடக்கின்றன. வடக்கே நிந்தவூர், காரைதீவு, கல்முனை. ஒவ்வோரூரிலும் பள்ளிக்கூடங்கள் உண்டு. வைத்தியசாலையோ மருந்தகமோ உண்டு. நிலம் சமதளம், மலை மறைப்பதில்லை. மறைப்பது தென்னையே. ஆகவே கோபுரம் தென்னைக்குமேல் எழல்வேண்டும். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும். மாரியில் இடிமின்னல் உண்டு. இடிதாங்கியும் மின்கலமும் ஞாயிற்றுப் பலகையும் முதற்செலவிலேயே சேர்க்கப்படல்வேண்டும். பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டால் முதல் மாரியிலேயே வலை அறுந்துவிடும். கண்ணாடியிழைக் கம்பி வீதிவழி செல்லும் ஊர்களில் அதனையே பயன்படுத்துதல் சிறந்தது. அது செல்லாத இடத்திற்கே கோபுரம்.

கருவியினும் கடினமானது உடன்பாடு. தமிழர் பள்ளிக்கூடமும் முஸ்லிம்கள் பள்ளிக்கூடமும், கல்வித் திணைக்களமும் சுகாதாரத் திணைக்களமும் ஒரே வழியிற் பங்குகொள்வதானால், எவர் முன், எவர் பின் என்னும் வினா முதல்நாளே எழும். அதற்கு விடையை எழுதிவைத்த பின்னரே குழி தோண்டத் தொடங்கவேண்டும் என்பது எம் கருத்து. வைத்தியசாலைச் செய்திக்கு எக்காலத்தும் முதலிடம். பிரசவ அறையிலிருந்து வரும் வினா யாப்புப் பாடத்திற்குக் காத்திருத்தல் தகாது. நோயாளியின் விவரங்கள் மறைகுறியிட்டுத் தனிவழியிற் செல்லவேண்டும். ஒரே இழையினுள் அவ்வாறு தனிவழி வகுத்தல் இன்று எளிது. மாதக் கட்டணத்தை மாணவர் தொகை, படுக்கைத் தொகை என்பவற்றுக்கேற்பப் பங்கிடலாம். சிறிய மருந்தகத்திடம் பெரிய கல்லூரிக்கு ஈடான பங்கைக் கேட்பது முறையன்று.

இவ்வழியில் என்ன செல்லும் எனச் சிலர் எம்மை வினவினர். எம் பகுதியில் உயர்தரப் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களை அவர்கள் அறியார் போலும். ஓர் ஊரில் நல்லாசிரியர் ஒருவர் இருப்பின், நான்கு ஊர் மாணவர் ஒரே பொழுதில் அவரிடம் கேட்கலாம். கேட்பது மட்டுமன்றி வினவவும் வேண்டும். வினவுதற்கு இருவழியும் அகலமாய் இருத்தல் இன்றியமையாதது. 1990களின் இறுதியில் கொத்மலைச் சமூக வானொலியார் யுனெஸ்கோவின் துணையுடன், நேயர் அனுப்பிய வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியில் விளக்கினர். ஒரே இணைப்பால் ஒரு பிரதேசமே பயன்பெற்ற அம்முயற்சியை இன்றும் எம் மாணவர்க்கு எடுத்துச் சொல்லி வருகின்றோம்.

இவ்வளவும் எழுதிய யாம் பொறியியலாளர் அல்லேம். நம் கல்லூரி ஈன்ற பொறியியலாளரும் மருத்துவரும் உள்நாட்டிலும் அயல்நாடுகளிலும் பலர் உளர். அவருள் எவரேனும் அடுத்த விடுமுறையில் ஊருக்கு வருவராயின், கோமாரிக்கு ஒருநாள் வருக. உயரமான கட்டடம் ஏதேனும் ஒன்றன் உச்சியில் நின்று திருக்கோவிற் பக்கமும் பொத்துவிற் பக்கமும் தென்னைக்கு மேலாகப் பார்வை தடையின்றிச் செல்கின்றதா என்பதை அளந்து பார்க்கவேண்டும். ஏணியை யாம் ஒழுங்குசெய்து வைப்போம். ஏறுதற்குத் துணையாக, இப்போது உயர்தரத்தில் கணிதம் பயிலும் அக்கிணற்றுக்கட்டு மாணவன் இருக்கின்றான்.