தொலைந்த போனில் இன்னும் நம் பெயர்

சென்ற தீபாவளி விடுமுறையில் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் அதைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். மாமாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. தோட்டத்துக் கோயிலுக்குச் செயலாளரும் அவர்தான். ஒரு நாள் மாலை வேலை முடிந்து மோட்டாரில் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "தம்பி, போன் போச்சுப்பா. சட்டைப் பையிலதான் வெச்சிருந்தேன். எங்க விழுந்துச்சுன்னே தெரியல."

நான் பொறியியல் படிக்கிறவன். 'ஐந்நூறு வெள்ளி போன்தானே, வேற வாங்கிக்கலாம்' என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே என்ன இருந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் வயிறு கலங்கியது. உதவிப் பொருள் விண்ணப்பத்துக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் அடையாள அட்டைப் படங்கள், கோயில் கணக்கு, வங்கிச் செயலி. இதோடு எங்கள் ஆத்தாவின் கடைசிப் பொங்கல் படங்களும், இடிக்கப்படுவதற்கு முன்பு மாமா எடுத்து வைத்த லயன் வீடுகளின் படங்களும் அதில்தான் இருந்தன.

தோட்டத்துப் படம், பழைய தாள் என்றால் நம் பக்கத்தில் அது சும்மா ஞாபகப் பொருள் அல்ல. நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது, ஆண்டு 1917. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பதும் நமக்குத் தெரியும். இங்கே வாழ்ந்தோம் என்று காட்ட ஒரு படமோ ஒரு கடிதமோ வேண்டியிருக்கிறது. இப்போது அதெல்லாம் போனிலும் கிளவுட் எனும் மேகச் சேமிப்பிலும்தான் கிடக்கிறது.

அன்று இரவு நடந்ததைச் சொல்வதற்கு முன், இந்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கூகள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஐகிளவுட் எதுவானாலும், ஒரு கருவியில் நாம் முதல் தடவை கடவுச்சொல் போட்டு நுழைகிறோம். அப்போது நிறுவனத்தின் கணினி அந்தக் கருவிக்கு ஓர் அடையாளச் சீட்டு கொடுக்கிறது. தொழில்நுட்பத்தில் அதை டோக்கன் என்பார்கள். அதற்குப் பிறகு போன் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. சீட்டைக் காட்டியே உள்ளே போய் வருகிறது. தோட்டத்துப் பெரட்டு மாதிரிதான். பட்டியலில் பேர் இருக்கும் வரைக்கும் ஆள் உள்ளே வரலாம். நாம் 'சைன் அவுட்' அல்லது 'அன்லிங்க்' என்று அழுத்தும்போது அந்தப் பேரை வெட்டுகிறோம். போன் எங்கே கிடந்தாலும் சரி, அணைந்து கிடந்தாலும் சரி, வெட்டு அங்கே தலைமைக் கணினியில் விழுந்துவிடும்.

ஆனால் பேர் வெட்டப்பட்டவன் ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுபோன அரிவாள் அவன் வீட்டில்தானே இருக்கும்? இதை நான் பட்டுத்தான் படித்தேன். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் 2019 மார்ச் முதல் மூன்று கருவிகள் வரைதான் இணைக்க முடியும். புது மடிக்கணினி வாங்கியதும் இடம் வேண்டுமே என்று, ஜூனியர் ஒருவனுக்கு விற்ற பழைய மடிக்கணினியைக் கணக்கிலிருந்து பிரித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவன், "அண்ணா, உங்க பாஸ்போர்ட் காப்பி, சம்பளச் சீட்டு எல்லாம் இதுல இருக்கே" என்றான். நல்ல பையன், அதனால் சொன்னான். பிரித்தால் புதிய கோப்பு போவது நிற்கும். முன்பே இறங்கிய பிரதி அந்தக் கருவியிலேயே இருக்கும். தூரத்திலிருந்தே அதையும் அழிக்கும் வசதியை டிராப்பாக்ஸ் சில கட்டணத் திட்டங்களில்தான் தருகிறது.

இனி மாமா கதை. என் மடிக்கணினியில் அவருடைய கூகள் கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல் எங்கே இருந்தது தெரியுமா? கோயில் கணக்குப் புத்தகத்தின் பின் அட்டையில். (அதற்குத் தனியாகத் திட்டு கொடுத்தேன்.) கடவுச்சொல் போட்டதும், 'உங்கள் போனில் வந்திருக்கும் அறிவிப்பில் ஆம் என்று அழுத்துங்கள்' என்று வந்தது. போன் இருந்தால் நாங்கள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து மாமா மகன் ஓடி வந்தான். "பா, என் போன்ல என்னமோ கேக்குது." 2021-இல் அவன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. வீட்டிலிருந்து படிக்க மாமா தன் பழைய போனைக் கொடுத்திருந்தார். கொடுத்தவர் தன் கணக்கை எடுக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக அப்பாவின் மின்னஞ்சல், படம், கோயில் கோப்பு எல்லாம் பையன் கையில். எந்தப் பழைய கருவியைப் பிரிக்கச் சொல்லி இந்தக் கட்டுரை எழுதுகிறேனோ, அதுவேதான் அன்று எங்களை உள்ளே விட்டது. சொல்ல வெட்கம்தான், ஆனால் உண்மை.

இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க வேண்டாம். கூகள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'பேக்அப் கோட்ஸ்' என்று எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும. தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

உள்ளே போனதும் என் கை நேராக 'சைன் அவுட்' பக்கம்தான் போனது. நல்ல வேளை, நிறுத்திக்கொண்டேன். போனிலிருந்து கணக்கை வெட்டிவிட்டால் அதைத் தேடவும் முடியாது, பூட்டவும் முடியாது, தூரத்திலிருந்து அழிக்கவும் முடியாது. அந்தக் கட்டளைகள் எல்லாம் கணக்கு வழியாகத்தான் போகின்றன. அதனால் முதலில் 'ஃபைண்ட் ஹப்' திறந்தேன். முன்பு 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்று பெயர். போன் இணையத்தில் இருந்தது. மின்கலம் 31 விழுக்காடு. முதலில் தோட்டத்து மண் சாலையைக் காட்டிய வரைபடம், கொஞ்ச நேரத்தில் ஈஜோக் பக்கம் நகர்ந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள். மாமா மோட்டார் சாவியை எடுத்தார். அத்தைதான் கையைப் பிடித்து நிறுத்தினார். அது சரிதான், ராத்திரியில் தெரியாத ஆளைத் துரத்திக்கொண்டு போவது நம் வேலை இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

முதலில் பூட்டினேன். அடுத்து, அழிப்பதற்கு முன் படங்கள் மேலே ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தேன். கூகள் கொடுக்கும் 15 ஜிபி எப்போதோ நிரம்பியிருந்தது. நிரம்பினால் காப்பு எடுப்பது நின்றுவிடும். கடைசிப் பல மாதப் படம் ஒன்றும் மேலே இல்லை. ஆத்தாவின் பொங்கல் அந்த மாதங்களுக்குள்தான். லயன் வீடுகள் பழையவை என்பதால் தப்பித்தன.

அழித்தால் ஆத்தா படம் போய்விடும். அழிக்காவிட்டால் நாற்பது குடும்பத்தின் அடையாள அட்டை, மாமா பிறந்த ஆண்டையே எண்ணாக வைத்த பூட்டுக்குப் பின்னால் இருக்கும். மின்கலம் இறங்கிக்கொண்டே இருந்தது. போன் அணைந்துவிட்டால் கட்டளை காத்துக்கொண்டு நிற்கும். மாமா வாசற்படியில் போய் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அத்தை வங்கிக்கு அழைத்து இணையச் சேவையை முடக்கச் சொன்னார். ஏற்கெனவே பணம் போயிருந்தால் 997-க்கு அழைக்க வேண்டும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

பத்து நிமிடம் கழித்து மாமா திரும்பி வந்தார். "ஐசி எல்லாம் ஊர்க்காரங்க நம்பிக் கொடுத்தது. அழிச்சிடுப்பா."

அழுத்தினேன். கட்டளை போய்ச் சேர்ந்தது. மெமரி கார்டு போட்ட போன் என்றால் அதில் உள்ளது அழியாமல் போகலாம், மாமா போட்டிருக்கவில்லை. அதன் பிறகுதான் கணக்கிலிருந்து அந்தப் போனை வெட்டி, கடவுச்சொல்லை மாற்றினோம். சிம் கார்டை மறுநாள் காலையில்தான் மாற்றினோம். முன்பே முடக்கியிருந்தால் போனுக்கு இணையம் போயிருக்கும், அழிக்கும் கட்டளையும் போய்ச் சேர்ந்திருக்காது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொலைந்த ஐபோனை 'மார்க் அஸ் லாஸ்ட்' செய்யுங்கள். கணக்கிலிருந்து 'ரிமூவ்' செய்யாதீர்கள். கணக்கில் இருக்கும் வரை உங்கள் கடவுச்சொல் இல்லாமல் வேறு யாரும் அதைப் புதிதாகத் திறந்து பயன்படுத்த முடியாது. நீங்களே ரிமூவ் செய்தால் அந்தப் பூட்டும் போய்விடும். திருடியவர்கள் 'உங்கள் போன் கிடைத்துவிட்டது' என்று போலி இணைப்பு அனுப்புவதும் இதற்காகத்தான்.

தூரத்தில் இருந்து அழிக்கும் வசதி திருடனுக்கும் திறக்கும். 2012 ஆகஸ்டில் வயர்ட் இதழின் எழுத்தாளர் மேட் ஹோனனின் கணக்குக்குள் நுழைந்தவர்கள் அவருடைய ஐபோன், ஐபேட், மேக்புக் மூன்றையும் தூரத்திலிருந்தே அழித்தார்கள். மகளின் பிறந்த காலப் படங்களுக்கு அவரிடம் வேறு பிரதி இல்லை. பிறகு செலவழித்து நிறைய மீட்டார். அதனால் கணக்கின் கதவு பூட்டியிருக்க வேண்டும். பிரதி இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை 'மேனேஜ் ஆல் டிவைசஸ்' பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தோம். ஒரு விண்டோஸ் கணினி இருந்தது. வீட்டில் கணினியே கிடையாது. யோசித்துப் பார்த்தால், விண்ணப்பப் பாரம் அச்செடுக்கப் போன போட்டோஸ்டாட் கடை! அதை உடனே வெட்டினோம். உங்களில் எத்தனை பேர் அப்படி உள்ளே நுழைந்துவிட்டு வெளியேறாமல் வந்திருக்கிறீர்களோ, இன்றே பட்டியலைப் பாருங்கள். புலனத்திலும் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைப் பார்த்துவிடுங்கள்.

பையனின் போன்தான் கடைசி. "அப்பா படத்தை எல்லாம் நானே அழிச்சிடுறேன்" என்று கூகள் போட்டோஸைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். கத்திவிட்டேன். அந்தச் செயலியில் அழித்தால் மேகத்திலும் சேர்ந்தே அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள்தான் இருக்கும். லயன் வீட்டுப் படங்களும் போயிருக்கும். கருவியைப் பிரிக்க வேண்டுமானால் படத்தைத் தொடக்கூடாது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய்க் கணக்கை நீக்க வேண்டும். விற்கப் போகும் போன் என்றால் கணக்கை நீக்கிய பிறகு ஃபேக்டரி ரீசெட். நீக்காமல் ரீசெட் செய்தால், வாங்கியவரிடம் போன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கலாம்.

அடையாள அட்டைப் படங்கள் இப்போது போனில் இல்லை. விண்ணப்பம் போனதும் அழித்துவிட வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் மாமாவே சொல்லியிருக்கிறார். ஆத்தாவின் பொங்கலுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் புலனத்தில் செய்தி அனுப்பினோம், யாரிடம் இருந்தாலும் அனுப்பச் சொல்லி. தஞ்சோங் காராங் சித்தி மூன்று அனுப்பினார். சபாக் பெர்ணம் பெரியப்பா அனுப்பியதில் ஆத்தா பாதிதான் தெரிகிறார், மீதியைப் பொங்கல் பானை மறைக்கிறது. இதுவரை பதினொரு படங்கள் வந்திருக்கின்றன.