மஞ்சள் பைக்குள் ஒரு பெயர்

மறந்துபோன பங்குகளை உரியவருக்கு மீட்டுத் தரும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. தம்பிகளே, தங்கைகளே, இதை வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எனக்கு நினைவு வந்தபடி.

1. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 124, 125 ஆகிய இரண்டு பிரிவுகளையும் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்டை வாங்காமல் விட்டால், அந்தப் பணமும் பங்கும் ஐ.இ.பி.எஃப். என்கிற அரசு நிதிக்குப் போய்விடும். ‘போய்விட்டது’ என்றதுமே வீட்டில் முகம் வாடும். உரிமை எங்கும் போகவில்லை, கேட்டு வாங்கலாம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

2. எல்லாவற்றுக்கும் நாம் தேவையில்லை. வங்கி டெபாசிட் 10 ஆண்டு அசையாமல் கிடந்தால் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். ஆனால் கேட்க வேண்டியது அதே வங்கியிடம்தான். எந்த வங்கி என்று தெரியாதவர்களுக்கு 2023இல் தொடங்கிய உத்கம் தளம் இருக்கிறது. ‘இதற்கு எங்களுக்குக் கூலி வேண்டாம், பேத்தியை விட்டுத் தேடச் சொல்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

3. இந்த வேலையில் பாதி, ஒரே ஆளின் இரண்டு பெயர்களைச் சேர்த்துவைப்பது. 1980களில் பங்கு விண்ணப்பத்தில் ‘எஸ். ராமநாதன்’ என்று எழுதியவருக்குப் பான் கார்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும். அந்த அப்பா சொக்கலிங்கம், ஓரிடத்தில் ‘எஸ்’ போட்டும் இன்னோரிடத்தில் ‘சி’ போட்டும் தொடங்குவார். செட்டிநாட்டுப் பக்கம் போனால் ‘விலாசம்’ என்று நான்கு எழுத்து இனிஷியல் வேறு. பெண்கள் பாடு இன்னும் மோசம்: கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல், பங்கில் எது என்பது வாங்கிய வருஷத்தைப் பொறுத்தது. சுப்பிரமணியன் என்றால் கடைசியில் ‘எம்’ஆ ‘என்’ஆ என்று பாருங்கள். ஒரு எழுத்துக்காகக் கோப்பு திரும்பி வந்ததை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். எனவே படிவத்தைத் தொடும் முன் பத்திரம், பான், ஆதார், டீமேட், பாஸ்புக் ஐந்திலும் உள்ள பெயரை ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வித்தியாசம் தானாகக் கண்ணில் படும். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் அஃபிடவிட் வாங்கலாம். கையெழுத்து மாறியிருந்தால் ஐ.எஸ்.ஆர்.-2 படிவத்தில் வங்கி மேனேஜர் சான்று தர வேண்டும். முகவரியில் ‘மவ்ப்ரேஸ் ரோடு’ என்று இருந்தால் திகைக்காதீர்கள், அது சென்னையில் இன்றைய டி.டி.கே. சாலை.

4. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்வரை கம்பெனி பெயரைச் சொல்லாதே என்பார்கள் எங்கள் தொழிலில் பலர். நான் சொல்லிவிடுவேன். கம்பெனிகள் தங்கள் தளத்திலேயே வெளியிடும் பட்டியலைப் பார்த்துத்தானே நாம் அந்த வாசலுக்குப் போகிறோம்? அதில் என்ன ரகசியம்! கேட்டுக்கொண்டு தாங்களே முயல்கிறவர்கள் முயலட்டும். அவர்களில் சிலர் பாதிப் படிவத்தோடு திரும்பி வருவார்கள். அப்போது முகத்தில் எதையும் காட்டாதீர்கள்.

5. தேவகோட்டையில் ஒரு ஆச்சி மஞ்சள் பையைத் தூக்கி என் மடியில் வைத்தார். உள்ளே அந்துருண்டை வாசனை, நான்காக மடித்த பத்திரங்கள், மடிப்பு சரியாக ஃபோலியோ நம்பரின் மேல். கூடவே மாற்றாத டிவிடெண்ட் வாரண்டுகள், ஒன்று 48 ரூபாய்க்கு. “ஏன் ஆச்சி மாற்றலை?” என்றேன். “பாங்குக்குப் போய்வர அலைச்சலே அதைவிடக் கூடுதல் தம்பி” என்றார். ‘எல்லாத்தையும் நீங்களே வச்சுக்குங்க’ என்று சொல்பவர்களிடம் அசலை வாங்காதீர்கள். அங்கேயே ஜெராக்ஸ் எடுத்து, நம்பர்களை அவர்கள் முன்னால் எழுதி, பையை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அசல் அனுப்பும் நாள் வரும்போது ரசீது கொடுத்து வாங்கலாம்.

6. அந்தப் பையில் இருந்தது பாங்க் ஆஃப் மதுரா பங்கு. ஆச்சியின் மகன் அது செல்லாது என்றே நினைத்திருந்தார். 2001இல் அந்த வங்கி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தபோது ஒன்றுக்கு இரண்டு பங்கு. 2014இல் 10 ரூபாய்ப் பங்கு 2 ரூபாய்ப் பங்காகப் பிரிந்தது. 2017இல் பத்துக்கு ஒன்று போனஸ். ஆக 100 பங்கு 200, பிறகு 1,000, பிறகு 1,100. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். எதிர்க்கணக்கும் உண்டு. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020இல் டி.பி.எஸ்.ஸோடு இணைக்கப்பட்டபோது பங்குகளின் மதிப்பு அடியோடு ரத்தானது. அந்தப் பத்திரத்தை எடுத்து நீட்டுபவரிடம் இழுத்தடிக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள்.

7. இது என் தவறு. கும்பகோணம் பக்கம் இறந்துபோனவர் ஒருவரின் பங்குகள். மனைவி, இரண்டு மகன்கள் என்று எழுதி அனுப்பினேன். தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழில் நான்காவதாக ஒரு பெயர் இருந்ததை நான் படிக்கவில்லை. இறந்தவரின் அம்மா. நான் போயிருந்த அன்று திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், எனக்கு மோர் கொடுத்தவர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன் சொத்தில் தாய்க்கும் சம பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. கோப்பு திரும்பி வருவதற்குள் அந்த அம்மா காலமாகிவிட்டார். அவர் பங்கு இப்போது அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போனது. பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தம்பி, இரண்டு சகோதரிகள், எல்லோரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க 14 மாதம் ஆனது. ‘வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுத் திண்ணையையும் பாருங்கள்.

8. பங்கைக் கேட்டு வாங்கும் படிவம் ஐ.இ.பி.எஃப்.-5. கட்டணம் கிடையாது, ‘அரசுக் கட்டணம்’ என்று ஒரு ரூபாய் வாங்கினாலும் அது திருட்டு. உரிமையாளரின் லாகின், அவருடைய மொபைல், அவருடைய இமெயில். ஓ.டி.பி.யை அவரே பார்த்துப் போடட்டும், எத்தனை நேரம் ஆனாலும். ஒரு நிதியாண்டில் ஒரு கம்பெனி தொடர்பாக ஒரே கோரிக்கைதான் வைக்கலாம். எனவே அதே கம்பெனியில் வேறு ஃபோலியோ இருக்கிறதா என்று பார்க்காமல் அவசரப்படாதீர்கள்.

9. கம்பெனியின் நோடல் ஆபீசருக்கு அனுப்பும் உறையில் அச்செடுத்த படிவம், ஒப்புகை, ஸ்டாம்ப் பேப்பரில் இண்டெம்னிட்டி பாண்டு, அசல் பத்திரம், ஆதார் நகல், கேன்சல் செய்த செக், டீமேட் கணக்கின் விவரத்தாள். பங்கு டீமேட்டுக்குத்தான் வரும். கணக்கு இல்லாதவருக்கு முதல் நாளே திறக்கச் சொல்லுங்கள்.

10. கம்பெனியின் சரிபார்ப்பு அறிக்கை ஐ.இ.பி.எஃப். ஆணையத்துக்குக் கிடைத்து 60 நாளில் முடிவு என்பது விதி. வீட்டாரிடம் அந்த எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்; 61ஆம் நாள் காலை போன் வரும்.

11. கூலி, பங்கு அவர்கள் கணக்கில் விழுந்த பிறகு. முன்பணம் ஸ்டாம்ப், நோட்டரி, கூரியருக்கு மட்டும், ரசீதோடு. பங்கை விற்றுத் தரச் சொல்லி நெருக்காதீர்கள். தேவகோட்டை ஆச்சி இன்றுவரை ஒரு பங்கும் விற்கவில்லை. என் கூலியைச் சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பினார். மஞ்சள் பை இன்னும் அதே பீரோவில்தான் இருக்கிறதாம், ஜெராக்ஸ்களோடு.