ஒரே கேபிளில் பல வண்டிகள்

மல்லேஸ்வரத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கூடத்தின் ஒரு மூலை இன்று அலுவலகமாகிவிட்டது. மேசைமேல் மடிக்கணினி, பக்கத்தில் டாக்கிங் ஸ்டேஷன் என்னும் சிறு பெட்டி. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், கேமரா, ஹார்டு டிஸ்க் எல்லாம் அந்தப் பெட்டியில் செருகியிருக்க, அதிலிருந்து கணினிக்குப் போவது ஒரே கேபிள்தான். இத்தனையும் அதில் எப்படிப் போகின்றன? ரயில்வேயில் காலம் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்த உதாரணத்தைக் கொண்டே சொல்கிறேன்.

கொங்கண் ரயில்வேயில் 1999-இல் 'ரோ-ரோ' சேவை தொடங்கியது. மகாராஷ்டிரத்திலுள்ள கோலாடில் லாரிகள் சரக்கோடு அப்படியே தட்டையான வேகன்கள்மேல் ஏறும். கோவாவில் வெர்ணாவில் இறங்கி, சாலை வழியே போய்விடும். வழியில் எங்கும் மூட்டையைப் பிரிப்பதில்லை.

யு.எஸ்.பி.4, தண்டர்போல்ட் 4 வகைப் பெட்டிகளில் நடப்பதும் இதுவே. யு.எஸ்.பி. 3 தகவல் கட்டுகள் லாரிகள். அதிவேக இணைப்பு ரயில். கட்டுகளைப் பிரிக்காமல், சேருமிடம் குறித்த சீட்டு ஒட்டி, படத் தகவலோடு ஒரே தடத்தில் அனுப்புகிறார்கள். பெட்டிக்குள் வந்ததும் அவை பழைய உருவில் இறங்குகின்றன. வினாடிக்கு 40 ஜிகாபிட் செல்லும் தடத்தில் யு.எஸ்.பி.க்கு வழக்கமாகக் கிடைக்கும் பங்கு 10 ஜிகாபிட். மெயில் வண்டிக்கு முதலில் வழி விடுவதுபோல, மானிட்டருக்கான படத்துக்கு முன்னுரிமை உண்டு.

ஆனால் பழைய யு.எஸ்.பி. 2.0 இந்த ரயிலில் ஏறுவதில்லை. அதற்கென்று கேபிளில் தனியாக ஒரு ஜோடிக் கம்பி உண்டு; வேகம் 480 மெகாபிட். கீபோர்டும் மவுஸும் பெரும்பாலும் அதில்தான் போகின்றன.

இதைத் தெரிந்துகொள்வதில் பயன் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு கணினி வழியே நடக்கவிருந்தது. முதல் நாள் மாலை மானிட்டர் இருண்டுவிட்டது; மவுஸ் மட்டும் நகர்ந்தது. பெட்டி பழுது, புதிது வாங்கவேண்டும் என்று வீட்டார் கலங்கினார்கள். மவுஸ் நகர்கிறதென்றால் தனிக் கம்பி சரியாக இருக்கிறது. அதிவேகத் தடத்தில்தான் கோளாறு. பார்த்தால், மாட்டியிருந்தது செல்போன் சார்ஜர் கேபிள்! முனை அதே டைப்-சி; உள்ளே அதிவேகக் கம்பிகள் இல்லை. பெட்டியோடு வந்த கேபிளை மாட்டியதும் படம் வந்தது. மறுநாள் தேர்வும் தடையின்றி நடந்தது.

ஆகவே, கேபிள் வாங்கும்போது முனையைப் பார்த்து வாங்காதீர்கள். 40 என்ற எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைக் குறை சொல்வதற்குமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.