தாத்தாவின் வாளும் என் எமரித் தாளும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



வீட்டில் வழிவழியாக வந்த பழைய வாளைச் செய்தது யார், அதன் வயது என்ன என்று கண்டுபிடிப்பது எப்படி? அதைச் சொல்வதற்கு முன் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு சாமி ரூமில் ஒரு வாள் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று இறக்கி, துடைத்து, பொட்டு வைப்போம். "பாளையக்காரர் காலத்து வாள்டா" என்பார் தாத்தா. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். போன பூஜைக்குத் தாத்தா, "நீதான் மெஷின் படிப்பு படிக்கிறியே, துருவை எடுத்துக் குடு" என்று வாளை என்னிடம் நீட்டினார். நானும் ஒர்க்‌ஷாப் பழக்கத்தில் எமரித் தாளை வைத்து முதுகைத் தேய்த்தேன். அடியில் இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தது பாதி தேய்த்த பிறகுதான் தெரிந்தது! மிஞ்சியது 'சோலிங்கன்' என்ற ஒரு சொல். அதற்கு முன்னால் இருந்த பெயர் போயே போச்சு. அதன் பிறகு கற்றுக்கொண்டவை இவை.

1. அலகு வேறு, பிடி வேறு

இரண்டுக்கும் ஒரே வயது என்று நினைக்கக் கூடாது. ஐரோப்பிய அலகுக்கு இந்தியப் பிடி போட்ட வாள்கள் ஏராளம். அவற்றுக்கு 'பிரங்கி' என்றே பெயர் உண்டு. 2025-இல் லண்டன் ஏலத்தில் மகாராஷ்டிர அரசு சுமார் 47 லட்சம் ரூபாய்க்கு மீட்ட ரகுஜி போன்ஸ்லே வாளும் ஐரோப்பிய அலகு கொண்டதே. அதில் அவர் பெயர் தேவநாகரியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ரகுஜி இறந்தது 1755-இல்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அரிவாள் அடிக்கும் ஆசாரி ஒருவரிடம் எங்கள் வாளைக் காட்டினேன். "பிடிக்குள்ள அரக்கு ஊத்தி இறுக்கியிருக்கு தம்பி, இது நம்ம நாட்டு வேலை" என்றார்.

2. எழுத்தும் முத்திரையும்

அலகின் முதுகிலும் பிடியை ஒட்டிய இடத்திலும் தேட வேண்டும். இங்கிலாந்தின் வில்கின்சன் கம்பெனி 1854 முதல் அதிகாரிகளின் வாள்களில் முதுகில் வரிசை எண் போட்டது. எண்ணை வைத்து ஆண்டைச் சொல்லிவிடலாம். விக்டோரியா ராணியின் முத்திரை இருந்தால் 1837-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது. சோலிங்கன் என்பது வாளுக்குப் பேர்போன ஜெர்மன் ஊர். அங்கிருந்து அலகுகளை லண்டனுக்கு இறக்குமதி செய்த ரன்கெல் என்ற வியாபாரியின் பெயர், ஊர்ப் பெயரோடு சேர்ந்து முதுகில் இருப்பதுண்டு. ஆனால் சோலிங்கன் முத்திரையைப் போலியாகப் போட்டவர்களும் உண்டு. ஆகவே முத்திரை மட்டும் போதாது.

3. அளவும் வடிவமும்

எங்கள் அலகு முப்பத்திரண்டரை அங்குலம். வளைந்தது, ஒரு பக்கம் மட்டும் கூர், நடுவே ஒரே அகலமான பள்ளம், முனைக்கு அருகே அகலம் கூடுகிறது. இது பிரிட்டிஷ் குதிரைப்படைக்கு 1796-இல் வகுத்த மாதிரியோடு ஒத்துப்போகிறது. 1821-இல் அதற்குப் பதில் வேறு மாதிரி வந்துவிட்டது. எனவே அலகின் வயது ஏறத்தாழ இருநூறு வருஷம். செய்தவர் பெயர் மட்டும் தெரியாது. காரணம், நான்!

செய்யக் கூடாதவை

எமரி, அரம், ஆசிட் எதுவும் வேண்டாம். மெல்லிய துணியில் துளி எண்ணெய் போதும். எழுத்து மங்கலாக இருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் போட்டோ எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. நூறு வருஷம் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. புரோக்கர் பேச்சைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

எல்லாவற்றையும் தாத்தாவிடம் சொன்னேன். 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி ஆயுதங்களுக்குத் தடை போட்டதையும், இந்த அலகு வெள்ளைக்காரன் படையில் இருந்து வந்திருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ இது நம்ம வாள் இல்லையாடா?"

"அலகு அவன் ஊரு தாத்தா. பிடி நம்ம நாட்டு ஆள் போட்டது. அதுக்கு அப்புறம் யார் யார் கையில இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

தாத்தா தன் தாத்தாவின் பெயரில் இருந்து ஆரம்பித்தார். நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய பொருள் இருந்தால் தேய்ப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்!