வெற்றுரையும் குறியுரையும்

கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகிறோம். திரையில் எழுத்துகள் தோன்றச் சில நொடிகள் ஆகின்றன. அந்தச் சில நொடிகளில் உள்ளே நிகழ்வன யாவை என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலில் விழித்தெழுவது இயங்குதளம் அன்று. தாய்ப்பலகையில் உள்ள சில்லு ஒன்றில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்னும் நிரலே முதலில் விழிக்கிறது. அது நினைவகத்தைச் சீர்செய்கிறது. பொறியில் என்னென்ன உறுப்புகள் உள்ளன, அவற்றை எவ்வாறு இயக்குவது, எவ்வாறு உறங்கச் செய்வது என்னும் செய்திகளை அட்டவணைகளாக எழுதி வைக்கிறது. பின்னரே ஆட்சியை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது.

இந்த ஒப்படைப்புக்கு ஒரு பொது இலக்கணம் வேண்டுமல்லவா? இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி 1996 டிசம்பரில் அத்தகைய இலக்கணம் ஒன்றை வெளியிட்டன. அதற்கு ஏ.சி.பி.ஐ. என்று பெயர். 2013ஆம் ஆண்டு முதல் அதைப் பேணும் பொறுப்பு யு.இ.எஃப்.ஐ. மன்றத்திடம் உள்ளது. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் இவ்விலக்கணத்தை எவ்வாறு பின்பற்றுகிறது என்பதை விளக்கும் ஆவணங்கள் பல உண்டு. அவற்றை ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாற்றிய பணியைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. "உருவை மாற்றுவதில் என்ன பெரிய கல்வி இருக்கிறது? எழுத்தர் வேலைதானே?" என்று சிலர் கேட்கக்கூடும். அது எழுத்தர் வேலை அன்று; படிப்பவன் வேலை என்று காட்டுவதே என் நோக்கம்.

பழைய நிலை

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது லினக்ஸ் கெர்னலைத் தொடங்கினார். நிரலோடு நிரலாக அதன் விளக்கக் கோப்புகளும் ஒரே மரத்தின் கிளைகளாய் வளர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வெற்றுரைக் கோப்புகள். எழுத்து, எண், இடைவெளி, வரி முறிவு ஆகியவை தவிர அவற்றில் வேறொன்றும் இல்லை. தடித்த எழுத்தும் இல்லை, இணைப்பும் இல்லை. எழுதியவர் தமக்குத் தோன்றிய முறையில் தலைப்பிட்டார். தமக்குத் தோன்றிய அளவில் உள்தள்ளினார்.

வெற்றுரைக்குப் பெருமை உண்டு என்பதை மறுக்க வேண்டா. எந்தப் பொறியிலும் திறக்கலாம்; எந்தக் கருவியும் இன்றிப் படிக்கலாம்; முப்பது ஆண்டு கழிந்தாலும் கெடாது. ஆயினும் கோப்புகள் ஆயிரத்தைத் தாண்டியபோது குறைகள் புலப்பட்டன. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கம் இல்லை. ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழி இல்லை. சில நூல்கள் மட்டும் டாக்புக் என்னும் முறையில் தனியாக அமைந்திருந்தன. அம்முறையின் குறிகளோ அடர்ந்த புதரைப் போன்றவை. எழுதுவோர் அஞ்சி ஒதுங்கினர்.

புதிய முறை

இக்குறையைத் தீர்க்க, ஆவணப் பொறுப்பாளர் ஜொனாதன் கார்பெட்டின் மேற்பார்வையில் புதிய முறை ஒன்று ஏற்கப்பட்டது. 2016 அக்டோபரில் வெளிவந்த 4.8ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. எழுதும் முறைக்கு ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் என்றும், அதைப் படித்து வலைப்பக்கமாகவும் நூலாகவும் ஆக்கும் கருவிக்கு ஸ்பிங்க்ஸ் என்றும் பெயர். ஸ்பிங்க்ஸ் முதலில் பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக 2008இல் வெளிவந்த கருவி. முதற்பெயர் நீண்டு கிடப்பதால் இனி அதைக் 'குறியுரை' என்றே வழங்குவோம்.

குறியுரையின் சிறப்பு அதன் எளிமையே. தலைப்பு வேண்டுமா? ஒரு வரி எழுதி, அதன் கீழ் அதே நீளத்துக்குச் சமக்குறிகளை வரிசையாக இடுக. பட்டியல் வேண்டுமா? ஒவ்வொரு வரியின் முன்னும் சிறு கோடு இடுக. நிரல் பகுதியை எழுதியவாறே காட்ட வேண்டுமா? முந்தைய வரியின் இறுதியில் முக்காற்புள்ளியை இருமுறை, அதாவது '::' என்று இட்டு, ஒரு வரி விட்டு உள்தள்ளி எழுதுக. இத்தனையும் செய்த பின்னும் கோப்பு வெற்றுரையாகவே இருக்கும், கண்ணால் படிக்கலாம். குறிகளை அளவுக்கு மிஞ்சிப் பெய்யாதீர் என்று கெர்னலின் ஆவண வழிகாட்டியே அறிவுறுத்துகிறது.

ஏ.சி.பி.ஐ. ஆவணங்கள் இருபதுக்கு மேற்பட்டவை. அவை 2019 ஜூலையில் வந்த 5.2ஆம் பதிப்பில் குறியுரையாக மாறின. முன்பு ஒரே அடைவில் கிடந்தவை அப்போது படிப்பவரின் தேவை நோக்கி மூன்றாகப் பிரிக்கப்பட்டன. பொறியை ஆளும் நிர்வாகிக்கு உரியவை ஓரிடம். இயக்கி நிரல் எழுதுவோர்க்கு உரியவை ஓரிடம். ஃபர்ம்வேருக்கும் கெர்னலுக்கும் உள்ள உறவை அறிய விரும்புவோர்க்கு உரியவை ஓரிடம். இந்தப் பிரிவினையை எந்தக் கருவியும் செய்து தராது. ஒவ்வொரு கோப்பையும் படித்து, "இது யாருக்காக எழுதப்பட்டது?" என்று கேட்டால்தான் செய்ய முடியும்.

ஓசையுள்ள பிழை

இனி மாற்றும்போது நேரும் பிழைகளைக் காண்போம். அவை இரு வகைப்படும். கருவி கண்டுபிடித்து எச்சரிப்பது ஒன்று. அது ஓசையுள்ள பிழை. கருவிக்கும் தெரியாமல் நேர்வது மற்றொன்று. அது ஓசையற்ற பிழை.

சி மொழியில் சுட்டுகளைக் குறிக்க உடுக்குறி (*) இடுவது வழக்கம். குறியுரையிலோ உடுக்குறி சாய்வெழுத்தின் தொடக்கம். பழைய கோப்பின் உரைநடையில் ஒரு சுட்டின் பெயர் உடுக்குறியோடு வந்திருந்தால், கருவி சாய்வெழுத்தைத் தொடங்கிவிட்டு முடிவைத் தேடும். முடிவு கிடைக்காதபோது எச்சரிக்கை தரும். நாமும் திருத்திக்கொள்ளலாம். பொருளடக்கத்தில் சேர்க்காமல் ஒரு கோப்பை விட்டுவிட்டாலும் அவ்வாறே எச்சரிக்கை எழும். இத்தகைய பிழைகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நம்மைக் கூவி அழைக்கும் பிழை நமக்கு நண்பன்.

ஓசையற்ற பிழை

அஞ்ச வேண்டியது மற்றொன்றுக்கே. ஏ.சி.பி.ஐ. இலக்கணப்படி பொறியின் உறுப்புகள் யாவும் ஒரு பெயர்மரத்தில் அமைந்துள்ளன. மரத்தின் வேரைக் குறிப்பது பின்சாய்கோடு, அதாவது '\' என்னும் குறி. ஒரு பெயர்த்தொடரின் முன் இக்குறி இருந்தால், "வேரிலிருந்து தொடங்கித் தேடு" என்பது பொருள். இல்லையேல், "நீ இப்போது நிற்கும் கிளையிலிருந்து தேடு" என்பது பொருள். ஒரு கோடு இருப்பதும் இல்லாததும் முகவரியையே மாற்றிவிடுகின்றன.

குறியுரையில் இதே பின்சாய்கோட்டுக்கு வேறொரு தொழில் உண்டு. அடுத்து வரும் எழுத்தின் சிறப்புப் பொருளை நீக்குவதே அத்தொழில். தொழில் முடிந்ததும் அது மறைந்துவிடும். ஆகவே, பழைய கோப்பின் பெயர்த்தொடர் ஒன்றை அப்படியே உரைநடையில் விட்டுவிட்டால், வெளிவரும் பக்கத்தில் பின்சாய்கோடு இராது. எச்சரிக்கையும் வாராது. பக்கம் அழகாகவே இருக்கும். ஆனால் அதைப் பார்த்து அட்டவணை எழுதும் இளைஞன் வேரில் தேட வேண்டியதைக் கிளையில் தேடுவான், கிடைக்காது, காரணமும் விளங்காது.

நமக்கு இது புதிதன்று. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது பொதுவாக வழக்கமில்லை. 'பல' என்று எழுதியிருந்தால் அது 'பல்' என்பதா, 'பல' என்பதா என்று இடம் நோக்கி அறிய வேண்டும். சுவடியை அச்சுக்குக் கொணர்ந்தவர்கள் பொருள் உணர்ந்தே புள்ளி இட்டார்கள். அங்கே இல்லாத குறியை அறிந்து சேர்க்க வேண்டியிருந்தது. இங்கே இருக்கும் குறியை அறிந்து காக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் வேண்டுவது பொருளறிவே.

காக்கும் வழி எளிது. அத்தகைய தொடரை இரட்டைப் பின்மேற்கோள்களுக்குள் இட வேண்டும். அல்லது முன்பு சொன்ன இரட்டை முக்காற்புள்ளியின் கீழ் உள்தள்ளி அமைக்க வேண்டும். அங்கெல்லாம் கருவி எதையும் தொடாது. வழி எளிதாயினும், எந்த இடத்தில் அது வேண்டும் என்பதை அறிவதே அரிது.

மற்றோர் எடுத்துக்காட்டும் தருவேன். பெரிய சேவைக் கணிப்பொறிகளில், வன்பொருட் பிழைகளை வேண்டுமென்றே உண்டாக்கி, இயங்குதளம் அவற்றை எவ்வாறு தாங்குகிறது என்று சோதிக்கும் வசதி ஒன்று உண்டு. எந்தப் பிழை வேண்டும் என்பதை எண்ணால் சொல்ல வேண்டும். 2 என்றால் செயலியில் திருத்த முடியாத, ஆயினும் பொறியை வீழ்த்தாத பிழை. 4 என்றால் செயலியில் பொறியையே வீழ்த்தும் பிழை. 8 என்றால் நினைவகத்தில் தானே திருத்திக்கொள்ளத்தக்க சிறு பிழை. பழைய கோப்பில் இவை இடைவெளிகளால் நேர்செய்த இரு பத்திகளாக, எண் இடப்புறமும் பொருள் வலப்புறமுமாக நின்றன. குறியுரையோ, அட்டவணை என்று சொல்லாத வரையில், அடுத்தடுத்த வரிகளை ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். அப்போது எண்ணும் பொருளும் மாறி மாறி ஒரே ஓட்டமாக வரும். ஓர் எண் தனக்கு முன்னுள்ள சொல்லுக்கு உரியதா, பின்னுள்ள சொல்லுக்கு உரியதா என்னும் ஐயம் பிறக்கும். சிறு பிழையை வேண்டியவன் பொறியை வீழ்த்தும் எண்ணைக் கொடுத்துவிடக்கூடும். வெற்றுரையில் வெற்றிடமும் பொருள் தந்தது என்பதை மறந்ததன் விளைவு அது.

பழைய பிழைக்குப் புத்தாடை

உருவைப் பற்றியே இதுவரை பேசினோம். பொருளும் கெட்டிருக்கலாம். ஃபர்ம்வேர், "நீ எந்த இயங்குதளம்?" என்று கெர்னலை வினவ ஒரு முறை இருக்கிறது. "நீ லினக்ஸா?" என்னும் வினாவுக்கு முற்காலத்தில் லினக்ஸ் "ஆம்" என்று விடையளித்தது. 2007இல் வந்த 2.6.23ஆம் பதிப்பிலிருந்து அவ்விடை இயல்பாகத் தரப்படுவதில்லை. லினக்ஸின் தன்மை பதிப்புக்குப் பதிப்பு மாறும்போது, அவ்வினாவை நம்பி ஃபர்ம்வேரில் எழுதிய நிரல் பின்னர்ப் பொய்த்துப் போகும் என்பதே காரணம். "ஆம்" என்ற காலத்தில் எழுதிய குறிப்பு ஒன்றை எடுத்து, அழகிய தலைப்பும் இணைப்பும் தந்து, பொருளடக்கத்தில் சேர்த்தால் என்ன ஆகும்? தூசி படிந்த கோப்பாக இருந்தவரை படிப்பவன் ஐயுற்றான். புத்தாடை உடுத்ததும் நம்பிவிடுவான். ஆகவே, உருவை மாற்ற வந்தவன் பொருளையும் உரசிப் பார்க்கக் கடமைப்பட்டவன்.

ஆனால் ஒன்று. பொருட்பிழையைக் கண்டவுடன் உருமாற்றத்தோடு சேர்த்தே திருத்திவிடுதல் கூடாது. உருமாற்றம் ஒரு திருத்தம். பொருள்மாற்றம் வேறொரு திருத்தம். இரண்டையும் கலந்தால், பின்னால் சரிபார்ப்பவருக்கு எது குறி, எது கருத்து என்று பிரித்தறிய இயலாது. முதலில் உருவை மட்டும் மாற்றி அனுப்புக. கருத்தை அடுத்த மடலில் திருத்துக. கோப்பின் பெயரும் இடமும் மாறுவதால், நிரலின் குறிப்புரைகளிலும் பிற ஆவணங்களிலும் உள்ள பழைய முகவரிகளையும் தேடி மாற்றுக. இவ்வாறு அறுந்த முகவரிகளைத் தேடித் தரும் சிறு நிரல் ஒன்று கெர்னல் மரத்திலேயே இருக்கிறது.

செய்முறைச் சுருக்கம்

இப்பணியில் இறங்க விரும்பும் நண்பருக்கு ஒரு வரிசைமுறை சொல்வேன். முதலாவது, கோப்பை ஒருமுறை முழுதும் படித்து, யாருக்கு உரியது எனத் தெளிக. இரண்டாவது, தலைப்புகளையும் பட்டியல்களையும் குறியிடுக. மூன்றாவது, நிரல், அட்டவணை, கோட்டுப்படம் ஆகியவற்றைத் தனியே காக்க. நான்காவது, பின்சாய்கோடு, உடுக்குறி, சொல்லின் இறுதியில் வரும் அடிக்கோடு ஆகிய மூன்றையும் தேடி ஆராய்க. ஐந்தாவது, பொருளடக்கத்தில் சேர்த்துக் கருவியை இயக்கி, எச்சரிக்கைகளைத் தீர்க்க. ஆறாவது, பழைய கோப்பையும் புதிய பக்கத்தையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிடுக. ஐந்தாவதோடு நின்றுவிடுவோர் பலர். ஓசையற்ற பிழை அகப்படுவது ஆறாவதில்தான்.

நம் மன்றத்தில் பொறியியல் பயில்வோரும் உளர். மொழி பயில்வோரும் உளர். பொறியியல் மாணவர், "ஆவணம் நம் வேலை அன்று" என்று ஒதுங்குவர். மொழி மாணவர், "கெர்னல் நமக்கு எட்டாது" என்று ஒதுங்குவர். இருவரும் ஒரு மாலை ஒரே மேசையில் அமர்ந்து ஒரு கோப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். பின்சாய்கோடு ஏன் வேண்டும் என்பதை ஒருவர் சொல்வார். அது காணாமற்போன இடத்தை மற்றவர் கண்டுபிடிப்பார். பெரும் நிரல் எழுதும் ஆற்றல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கவனமாகப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இன்றே தொடங்கலாம்.