கிளினிக்கும் மறுவாழ்வு இல்லமும் சாராயக்கடையும்: யாரிடம் போய்க் கேட்பது?

மாத ஊசி போடும் நாளில் கிளினிக்குக்குப் போனால், "டொக்டர் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்கிறார்கள். குடியை நிறுத்தவென்று மகனை ஓர் இல்லத்தில் விட்டால், மூன்று மாதமாகியும் முகத்தைப் பார்க்க விடுகிறார்களில்லை. ஊர்ச் சந்தியில் புதிதாக ஒரு சாராயக்கடை திறக்கிறது. அனுமதி கொடுத்தது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. நமது குழுக் கூட்டங்களில் இந்த மூன்று முறைப்பாடுகளும் மாறி மாறி வருகின்றன. மூன்றிலும் கடைசியில் எழுவது ஒரே கேள்விதான்: இதை யாரிடம் போய்க் கேட்பது?

நோயின் அறிகுறிகளைப் பற்றி இந்தப் பாடத்தில் நாம் பேசவில்லை. சேவை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது யாருடைய கடமை, அந்தக் கடமையை அவர்கள் செய்யும்படி நாம் எப்படிக் கேட்பது என்பதே விடயம். இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த அறிவு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. சொந்த ஊரில் இருப்பவருக்கு விதானையாரையும் தெரியும், ஆஸ்பத்திரி மிஸ்ஸியையும் தெரியும். நலன்புரி நிலையத்திலோ உறவினர் வளவிலோ இருப்பவர், "நீங்கள் இந்தப் பகுதி இல்லையே" என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வந்துவிடுகிறார். அந்த வார்த்தை தவறானது. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து பெறுவதற்கு வதிவிடப் பதிவு ஒரு நிபந்தனையல்ல. கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் முன்பு வைத்தியம் செய்த இடத்திலிருந்து விபரத்தை எழுதி வாங்கலாம். அதுவரை வைத்தியரைக் காட்டி மருந்தைத் தொடர வேண்டும். கொப்பி இல்லை என்பதற்காக மருந்தை விட்டுவிடக் கூடாது.

யார் கையில் எது?

1987 ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குக் கொண்டுவரப்பட்ட 13 ஆவது திருத்தம் வேலைகளை மத்திக்கும் மாகாணத்துக்கும் பிரித்தது. பொது வைத்தியசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், மருந்தகங்கள் ஆகியவற்றை நடத்துவது மாகாண சபையின் பட்டியலில் வந்தது. போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கான வைத்தியசாலைகளும் மத்திய சுகாதார அமைச்சிடமே நின்றன. ஆகவே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மாகாணத்துக்குரியது, யாழ். போதனா வைத்தியசாலை கொழும்புக்குரியது. ஒரே மாவட்டத்தில், ஒரே நோயாளிக்கு, இரண்டு எசமான்கள். ஒரு முறைப்பாடு ஆறு மாதம் மேசைக்கு மேசை அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே மாகாணப் பட்டியலில் இன்னொரு வரியும் உண்டு. உடலாலும் மனத்தாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வும் நலனும் அளிப்பதும் மாகாணத்தின் வேலை என்கிறது அது. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு தொழில், உதவிப்பணம், பராமரிப்பு என்று நாம் கேட்பது பிச்சையல்ல. அது அந்த வரியிலிருந்து வருகிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பது இதற்காகத்தான்.

பிரதேச சபையை எடுத்துக்கொள்வோம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தன் எல்லைக்குள் பொதுச் சுகாதாரத்தையும் மக்களின் நலனையும் வசதியையும் பேணும் பொறுப்பைச் சபைக்குக் கொடுக்கிறது. ஆனால் மனநல வைத்தியரை நியமிக்கும் அதிகாரமோ ஒரு வாட்டை மூடும் அதிகாரமோ சபைக்கு இல்லை. குப்பை, கிணறு, சந்தை, தெருவிளக்கு என்றுதான் சபைகள் பொதுச் சுகாதாரத்தை விளங்கி வைத்திருக்கின்றன. அந்த விளக்கம் குறுகியது என்பது நமது கருத்து. சபை மாதந்தோறும் கூடுகிறது, தீர்மானம் நிறைவேற்றலாம், சுகாதார வைத்திய அதிகாரியிடம் விபரம் கேட்டு எழுதலாம், உறுப்பினரோடு ஊரவரையும் சேர்த்துக் குழு அமைக்கலாம். கிளினிக் நடக்கும் நாளுக்கு பஸ் இல்லையென்றால் அதைப் பேசவும் அதுவே இடம். சிறிய வேலைகள்தான், ஆனால் மற்ற எந்த அலுவலகமும் நம் வீட்டுக்கு இவ்வளவு கிட்ட இல்லை.

தெரிவு செய்யப்பட்டவர்கள் இல்லாமல் போனால் இந்தக் கேள்விகளைக் கேட்க ஆளே இருக்காது. வட மாகாண சபை 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதன்பின் ஆளுநரும் செயலாளர்களுமே நிர்வாகத்தை நடத்தினார்கள். உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகே மீண்டும் கூடின. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததும், அதன் பாதிப்பு நீண்டதும் இந்த இடைவெளியை ஒட்டிய காலத்தில்தான். அதிகாரிகளில் நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அதிகாரி மேலதிகாரிக்குப் பதில் சொல்பவர். அவரை எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்ல ஒரு சபை வேண்டும்.

அங்கொடையிலிருந்து ஆதார வைத்தியசாலைக்கு

ஒரு காலத்தில் மனநோய் என்றால் அங்கொடை என்றுதான் பேச்சு. இன்றும் ஊரில் அந்தப் பெயரைக் கேலிக்குச் சொல்பவர்கள் உண்டு. சட்டமும் அந்தக் காலத்ததே. மனநோயாளரைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1873 இல் பிரித்தானியர் இயற்றியது. ஒருவரைப் பிடித்து அடைப்பது எப்படி, நீதிமன்றம் விசாரிப்பது எப்படி என்பதிலேயே அதன் கவனம் போகிறது. ஊரில் வைத்துப் பராமரிப்பதைப் பற்றி அதில் தேடினால் கிடைக்காது. புதிய சட்டம் வேண்டும் என்ற பேச்சும் வரைபும் பல ஆண்டுகளாக உண்டு.

சட்டம் மாறாவிட்டாலும் கொள்கை மாறியது. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 இல் தேசிய மனநலக் கொள்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் குவிப்பதை விட்டு, ஒவ்வொரு மாவட்டத்திலும் கடும் நோயாளருக்கான ஒரு வாட், பிரதேசங்களில் கிளினிக்குகள், பயிற்சி பெற்ற மனநல வைத்திய அதிகாரிகள் என்று அது திட்டம் போட்டது. அங்கொடை வைத்தியசாலை இப்போது தேசிய மனநல நிறுவகம் என்ற பெயரோடு 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் நடத்துகிறது. ஆகவே "ஏன் நமது பகுதியில் கிளினிக் இல்லை?" என்று கேட்பவர் புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை. அரசாங்கம் தானே ஏற்றுக்கொண்ட திட்டத்தைத்தான் நினைவூட்டுகிறார்.

குடியையும் போதையையும் நிறுத்தும் இல்லங்கள்

இந்த விடயத்தில் நமக்கு அதிகம் கவலை உண்டு. ஐஸ், கஞ்சா, போதை மாத்திரை என்று வந்த பிறகு, பெற்றோர் எங்கே கொண்டுபோய் விடலாம் என்று அலைகிறார்கள். தோட்டம் செய்த காணியை இழந்து, கூலிக்குப் போய்ச் சேர்த்த பணத்தையும் நகையையும் இதற்கே கொடுத்த குடும்பங்கள் உண்டு.

2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளில் தங்கியிருப்பவர்களின் சிகிச்சையைப் பற்றியது. தானாக விரும்பிச் சேர்வதையும் நீதிமன்றக் கட்டளையால் அனுப்புவதையும் அது ஒழுங்குபடுத்துகிறது. சிகிச்சை நிலையங்களைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் அதில் உண்டு. அந்தப் பொறுப்பு 1984 இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிடம் இருக்கிறது. எனவே ஓர் இல்லத்தில் பிள்ளையை விடுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, காட்டுங்கள்" என்பதே. வைத்தியர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், குடும்பத்தவர் எப்போது பார்க்கலாம், அவர் வீட்டுக்கு வர விரும்பினால் என்ன நடைமுறை, பணம் எவ்வளவு, பற்றுச்சீட்டு உண்டா என்பவற்றையும் அப்போதே கேட்க வேண்டும். பதில் சொல்ல மனமில்லாத இடத்தில் பிள்ளையை விடவேண்டாம்.

திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்ற முறையில் இதையும் சொல்லியாக வேண்டும். செபத்தால் குணமாக்குவதாகச் சொல்லி ஆட்களை வைத்திருக்கும் இல்லங்கள் உண்டு. செபம் வேண்டும், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சங்கிலியும் அடியும் மருந்தை நிறுத்துவதும் செபமல்ல. வலிப்புக்கோ மனநோய்க்கோ எடுக்கும் மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அதிகமாகக் குடித்துப் பழகியவர் வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் ஒரே நாளில் குடியை விடுவதும் அப்படியே. வெளியே சிலுவை இருக்கிறது என்பதற்காக ஒரு வீட்டை யாரும் பார்வையிடாமல் விட முடியாது. பங்குச் சபைகளே முதலில் போய்ப் பார்க்கட்டும்.

அரசாங்க நிலையங்களுக்கும் கண்காணிப்பு வேண்டும் என்பதைக் கந்தக்காடு காட்டியது. பொலன்னறுவை மாவட்டத்திலுள்ள அந்த மறுவாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அடுத்த ஆண்டு புனர்வாழ்வுப் பணியகத்துக்கெனத் தனிச் சட்டமே வந்தது. இத்தகைய இடத்தில் நம் பிள்ளை இருந்து, அவனைப் பற்றி ஒரு செய்தியும் கிடைக்காவிட்டால், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி, ஆட்கள் தடுத்து வைக்கப்படும் இடங்களைப் பார்வையிடுவது ஆணைக்குழுவின் வேலைகளில் ஒன்று. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதற்கு அலுவலகங்கள் உண்டு.

சாராயக்கடையின் பணம் எங்கே போகிறது?

மதுவரி உரிமத்தை வழங்குவது மத்திய அரசின் மதுவரித் திணைக்களம். ஆனால் மாகாண சபையின் வருமானப் பட்டியலைப் பார்த்தால், கள்ளுக் குத்தகையும் மதுபான உரிமக் கட்டணமும் அதிலே நிற்கின்றன. குடியால் வந்த நோயைப் பார்ப்பதும் மாகாணம், குடிக்கடையின் கட்டணம் சேர வேண்டியதும் மாகாணம். இந்த வருமானத்தில் எவ்வளவு மனநலப் பிரிவுக்குப் போகிறது என்று ஒரு சபையில் ஒருவர் எழுந்து கேட்டால் நன்றாயிருக்கும்.

உரிமம் பற்றி ஊரவரின் எதிர்ப்பு எழுத்தில் பிரதேச செயலரிடம் போய்ச் சேர வேண்டும். கடை திறந்த பிறகு வீதியில் நிற்பதைவிட இது பலன் தரும். 2024 டிசெம்பரில் உரிமங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டபோது கிளிநொச்சி மாவட்டத்தின் பெயர் பெரிதாக அடிபட்டது. அதுவரை ஊரவர்கள் கடைகளைக் கண்டார்களே ஒழிய, பட்டியலைக் காணவில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ புகையிலைப் பொருளோ விற்பது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொலிஸார், மதுவரி உத்தியோகத்தர் மட்டுமல்ல, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் நடவடிக்கை எடுக்கலாம். கசிப்பு வேறு கதை. அதற்கு உரிமமே இல்லை.

பூச்சிமருந்து தந்த பாடம்

கண்காணிப்பால் என்ன ஆகப்போகிறது என்று சலிப்பவர்களுக்கு நமது கமத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 1995 இல் இலங்கையில் தற்கொலை இலட்சத்துக்கு 47 என்ற அளவில் இருந்தது. உலகிலேயே மிகக் கூடிய அளவுகளில் ஒன்று அது. பெரும்பாலும் பூச்சிமருந்தால். அந்த ஆண்டே மிகக் கொடிய நஞ்சுள்ள மருந்துகள் தடுக்கப்பட்டன. 1998 இல் என்டோசல்பானும், 2008 க்கும் 2011 க்கும் இடையில் பரகுவாற், டைமெதோவேற், பென்தியோன் ஆகியனவும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1995 இலிருந்து இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்த்த சட்டமும் 1998 இல் நீங்கியது. ஆகவே அப்படியொருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப் பயப்படத் தேவையில்லை. வீட்டில் மனம் உடைந்த ஒருவர் இருந்தால் மருந்துப் போத்தல்களைப் பூட்டி வையுங்கள், அல்லது அயலவர் வீட்டில் வையுங்கள்.

எழுத்தில் கேட்பது

வாயால் கேட்டதற்கு வாயாலேயே பதில் வரும். அடுத்த நாள் அது காற்றில் போய்விடும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரசை எவரும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பெயர் எந்த ஊர் வாக்காளர் இடாப்பில் இருந்தாலும் பரவாயில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தரப்படுமா என்பதை 14 வேலைநாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் பற்றிய விடயமானால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதன்மேல் ஆணைக்குழு உண்டு. இன்னொரு நோயாளியின் மருத்துவ விபரத்தை மட்டும் கேட்க முடியாது, அதுவும் சரியே.

பின்வரும் மாதிரியை மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ பார்த்து எழுதலாம். ஒரு பிரதியைப் பிரதேச சபைத் தவிசாளருக்கும் அனுப்பி, கொடுத்த திகதியைக் குறித்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

"தகவல் உத்தியோகத்தர், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை. ஐயா / அம்மணி, எமது பிரதேசத்தில் மனநல கிளினிக் மாதத்தில் எந்தெந்த நாட்களில், எங்கே நடைபெற வேண்டும் என ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது? கடந்த பன்னிரண்டு மாதங்களில் அது எத்தனை நாள் நடைபெற்றது, எத்தனை நாள் நடைபெறவில்லை? மனநல வைத்திய அதிகாரிக்கான பதவி நிரப்பப்பட்டுள்ளதா, வெற்றிடமெனின் எப்போதிலிருந்து? மாத ஊசி மருந்து கையிருப்பில் இல்லாதிருந்த மாதங்கள் எவை? இவற்றுக்கான விபரங்களைத் தமிழ் மொழியில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."