பளபளப்பு போத்தலில் இல்லை

“கறையா? கொமட் கழுவும் அசிட்டைக் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தால் மாபிள் வெளுத்துவிடும்.”

வெளுக்கும்தான். அந்தப் போத்தல்களில் பெரும்பாலும் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். மாபிளோ கல்சியம் காபனேற்று, சுண்ணாம்புக்கல்லின் இனம். இரண்டும் சேர்ந்தால் நுரைக்கும். அழுக்குக் கழன்று வருகிறது என்று நாம் சந்தோஷப்படும் அந்த நுரை, கல் கரைந்து காபனீரொட்சைட்டாக வெளியேறுவதுதான். ஐமிச்சம் இருந்தால் பழைய மாபிள் துண்டொன்றில் தேசிக்காய்ப் பாதியைக் குப்புற வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். வட்டமாக ஒரு மங்கல் விழுந்திருக்கும். சவர்க்காரம் போட்டாலும் போகாது. கழுவி எடுக்க அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை, கல்லின் மேற்பரப்பே அரிபட்டிருக்கிறது. மறுபடி சாணை பிடித்தால்தான் சரிவரும்.

“சீலர் அடித்திருக்கிறோம், இனிப் பயமில்லை” என்பதும் இதே குடும்பத்து நம்பிக்கை. சீலர் கல்லின் நுண்துளைகளுக்குள் போய் எண்ணெயும் தேநீரும் ஊறாமல் தடுக்கும். புளியையும் தேசிக்காயையும் அது தடுக்காது.

“பொலிஷ் என்பது மேலே பூசுகிற ஒரு சாமான்.”

ஹாட்வெயார் கடைகள் வளர்த்துவிட்ட எண்ணம் இது. மெழுகு பூசினால் சில வாரம் மினுங்கும். பிறகு தூசியைப் பிடித்து மஞ்சளாகும். உண்மையான மினுக்கம் கல்லை வெட்டித்தான் வருகிறது. டயமண்ட் பேட் என்று சொல்லும் வைரத்தூள் வட்டுகளை 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு மாற்றி மாற்றி, தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். முந்திய வட்டு போட்ட கீறலை அழிப்பதே அடுத்த வட்டின் வேலை. அவசரத்தில் 100 இலிருந்து 800 க்குத் தாவிய பாஸ் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் காலை வெயில் சாய்வாக விழும்போது தரை முழுக்க வளையம் வளையமாகத் தெரியும்.

கிறிஸ்டலைசிங் என்று விலை சொல்கிறார்களே, அதில் கொஞ்சம் உண்மை உண்டு. புளோரோசிலிக்கேற்றுக் கரைசலைத் தெளித்து, இரும்புக் கம்பளி சுற்றிய மெஷினால் சூடேறத் தேய்த்தால், அது மாபிளிலுள்ள கல்சியத்தோடு வினைபுரிந்து கடினமான ஒரு படலத்தைத் தரும். கிரனைட்டில் அந்தக் கல்சியக் காபனேற்று இல்லை, ஆகவே அங்கே அது வீண் செலவு. மட்டக்குளி போல ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களனி கங்கை என்ற ஈரக்காற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு: கூட்டாமல் விட்ட இரும்பு இழை துருப்பிடித்து வெள்ளை மாபிளில் செம்புள்ளி வைக்கும்.

“கல்லுக்கு என்ன, கல்தானே!”

மோஸ் அளவையில் மாபிளின் கடினம் 3 அளவில்தான். கடற்கரை மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7. காக்கைத்தீவுப் பக்கம் நடந்துவிட்டுச் செருப்போடு உள்ளே வருகிறவர் மாபிளுக்கு உப்புத்தாள் போடுகிறார் என்றுதான் அர்த்தம். வாசலில் ஒரு நல்ல கால்மிதி எந்தச் சீலரையும்விட மலிவு. பழைய கொழும்பு வீடுகளில் மாபிள் என்று பெருமையாகச் சொல்வது பல இடங்களில் டெராசோ, அதாவது சீமெந்தில் பதித்த மாபிள் சில்லுகள். அதையும் சாணை பிடிக்கலாம். அசிட் மட்டும் அங்கே சில்லையும் தின்னும், சீமெந்தையும் தின்னும்.

“பழைய கருங்கல்லையும் புதிதாக்கிவிடலாம்.”

இங்கே கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை 1856 இல் பொன்னம்பல முதலியார் கட்டினார். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கி அதை முழுக்கக் கருங்கல்லில் எழுப்பினார். 1912 இல் குடமுழுக்கு. இப்படியான தூண்களில் விளக்குப் புகையும் எண்ணெயும் படிவது இயல்பு. அதை எடுக்கலாம், ஆனால் உளி பட்ட தடத்தைத் தொடக்கூடாது. தமிழ்நாட்டில் பல கோயில்களில் காற்றழுத்தத்தில் மணலை வீசிச் சுத்தம் செய்தார்கள். கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் கூர்மையும் சேர்ந்து போயின. பிறகுதான் அந்த முறைக்குத் தடை வந்தது. தாஜ்மகாலில் இந்தியத் தொல்லியல் துறை செய்வது பொறுமையான வேலை: முல்தானி மண்ணைக் குழைத்து அப்பி, அது காய்ந்து அழுக்கை உறிஞ்சிய பின் தண்ணீரால் கழுவுகிறார்கள். உங்கள் குசினிக் கல்லில் ஊறிய எண்ணெய்க்கும் களிமண் பற்றுத்தான் மருந்து.

தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பொலிஷ்காரரைக் கூப்பிட வேண்டாம். அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. முதலில் அதைப் பாருங்கள்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது, கல்லைப் பார்க்காமல் தொலைபேசியிலேயே சதுர அடி விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். எந்த இலக்க வட்டில் தொடங்கி எதில் முடிப்பார், கல்சேற்றை எங்கே கொட்டுவார் என்று கேளுங்கள். தண்ணீர் இல்லாமல் கிரைண்டர் பிடிப்பவர் என்றால் வேண்டாம். கிரனைட்டிலும் சீமெந்திலும் இருந்து அப்படிப் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், அவருடையதையும்தான். சிலிக்கா கூடிய செயற்கைக் கல்லை அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடைசெய்ததே இந்தத் தூசி தரும் நுரையீரல் நோய்க்காகத்தான். எல்லாம் சரி என்றால், கதவுக்குப் பின்னால் இரண்டு அடி சதுரம் மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். நனைந்திருக்கும்போது பார்த்துத் தலையாட்டாமல், நன்றாகக் காய்ந்த பிறகு பார்த்து மிச்சத்துக்கு முற்பணம் கொடுங்கள்.